பூ மணக்கும் கப்கேக்: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்ததும் செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகள் திறந்துகொள்ளும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா, பங்குனி உத்திரம், முன்னோர்களுக்குச் செய்யும் குடும்பப் படைப்பு, சித்திரை வருடப்பிறப்பு, பிள்ளைகளுக்குப் பரீட்சை லீவு என்று வரிசையாக வரும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சாயங்காலத்தில், பணியாரத்தோடும் சீடையோடும் ஒரு தட்டில் பூ மணக்கும் கப்கேக்கும் வைக்க வேண்டும் என்ற ஆசை இப்போது நிறைய வீடுகளில் வந்திருக்கிறது.

என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். அளவெல்லாம் 12 கப்கேக்குக்கு. டீஸ்பூன் என்றால் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி.

ஆச்சி, எந்தெந்தப் பூவை கேக்குல போடலாம்?

நம் பக்கத்தில் கிடைப்பதில் நம்பிக்கையோடு எடுக்கக்கூடியவை பன்னீர் ரோஜா, குண்டுமல்லி, செம்பருத்தி, சங்குப்பூ, ஆவாரம்பூ, வேப்பம்பூ. இவற்றை ஒரே மாதிரி பயன்படுத்த முடியாது. ரோஜாவும் மல்லியும் மணத்துக்கு. சங்குப்பூவும் செம்பருத்தியும் நிறத்துக்கு. அவற்றில் மணம் தேடாதீர்கள். ஆவாரையும் வேப்பம்பூவும் ருசிக்கு, அதிலும் லேசான கசப்புக்கு.

எந்தப் பூ எதற்கு என்று முதலில் பிரித்துக்கொண்டால், கீழே வரும் கேள்விகளில் பாதி எழாது.

எதையெல்லாம் தொடவே கூடாது?

அரளி. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், எதுவானாலும் கூடாது. அதன் நச்சு இதயத்துடிப்பைக் குலைக்கும், வேகவைத்தாலும் போகாது. 2024-ல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தது. சாமிக்குப் படைக்கும் உணவிலேயே வேண்டாம் என்றால், நம் வீட்டுக் கேக்கில் அழகுக்காகக்கூட வைக்கக் கூடாது.

செங்காந்தள் நம் மாநில மலர், பார்க்க அத்தனை அழகு. ஆனால் செடி முழுக்க கொல்லும் விஷம். ஊமத்தை, எருக்கு, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை எல்லாம் கொல்லையிலோ வேலியோரத்திலோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவை. பிள்ளைகள் பறித்துக்கொண்டு வந்து “இதையும் வைங்க” என்று நீட்டுவார்கள். பூ பறிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் மட்டும் விடாதீர்கள். பெயர் தெரியாத பூ எதுவும் சமையலறைக்குள் வர வேண்டாம்.

பூக்கடையில வாங்குன மல்லி, ரோஜாவைக் கழுவிட்டுப் போடலாம்ல?

வேண்டாம். தலையில் வைக்கவும் மாலை கட்டவும் வளர்க்கும் பூவுக்கும் சாப்பாட்டுக்கு வளர்க்கும் பயிருக்கும் மருந்தடிப்பில் வித்தியாசம் உண்டு. மல்லியில் மொட்டுப்புழு விழும், அதற்காக மருந்து அடிக்கத்தான் செய்வார்கள். கழுவினால் மேலே உள்ளது கொஞ்சம் போகும், இதழுக்குள் இறங்கியது போகாது. கழுவக் கழுவ மணமும் போய்விடும்.

வீட்டில் வளர்த்தது, அல்லது மருந்தடிக்காதது என்று நமக்குத் தெரிந்த வீட்டுத் தோட்டத்துப் பூ, இரண்டும்தான் சரி. இரண்டு தொட்டி பன்னீர் ரோஜா, ஒரு மல்லிச் செடி, வேலியில் ஒரு சங்குப்பூக் கொடி இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். இல்லாவிட்டால், சாப்பிடுவதற்கென்றே விற்கும் காய்ந்த இதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாமிக்குச் சாத்துன மாலையில இருந்து ரெண்டு இதழ் எடுத்துக்கிட்டா?

அந்த எண்ணத்தில் இருக்கும் பக்தி புரிகிறது. ஆனால் அதுவும் பூக்கடைப் பூதான். முந்தின பதில் அப்படியே பொருந்தும். மாலை பிரசாதமாக வீட்டில் இருக்கட்டும், கேக்குக்கு வேண்டாம்.

சரி, கேக்குக்கு அடிப்படைக் கலவை என்ன அளவு?

முட்டை போட்டால்: உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், முட்டை 2, மைதா 160 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், பால் 120 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சலித்த மாவையும் பாலையும் மாற்றி மாற்றிக் கலக்க வேண்டும். மாவு விழுந்தபிறகு அதிகம் அடிக்காதீர்கள், கேக் ரப்பராகிவிடும். பேப்பர் கப்பில் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 175 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும்.

எடை மெஷின் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டம்ளர் அளவு வீட்டுக்கு வீடு மாறும்.

படைப்பு சமயம், வீட்டுல முட்டை சேர்க்க மாட்டோம். என்ன செய்யிறது?

தயிரும் சோடாவும் அந்த வேலையைச் செய்யும். அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் 240 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம் இரண்டையும் நன்றாக அடித்து, அதில் பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூனும் சமையல் சோடா அரை டீஸ்பூனும் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். நுரைத்து வரும். அப்புறம் வாசனை இல்லாத எண்ணெய் 100 மி.லி. ஊற்றி, மைதா 190 கிராமைச் சலித்துச் சேர்த்து மெதுவாகக் கலந்து, உடனே ஓவனில் வையுங்கள். 180 டிகிரியில் 20 நிமிடம் போல. நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் பூவை அமுக்கிவிடும்.

தயிர்க் கலவையின் மெல்லிய புளிப்பு ரோஜாவுக்குப் பொருந்தும். மல்லிக்குப் பொருந்தாது, மல்லியின் மணம் மென்மையானது, புளிப்பில் அமுங்கிப்போகும். மல்லி கேக் முட்டையில்லாமல் வேண்டுமானால், தயிருக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க் போட்டுச் செய்யும் கேக்கை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுல ஓவன் இல்லக்கா. குக்கர்ல வைக்கலாமா?

கனமான பழைய அலுமினியப் பாத்திரமோ இரும்புச் சட்டியோ இருந்தால் அதுவே போதும். அடியில் கல்லுப்பு அல்லது மணல் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து மூடி, பத்து நிமிடம் சூடேற்றுங்கள். கப்களை ஒரு தட்டில் வைத்து உள்ளே இறக்கி, குறைந்த தீயில் 25 முதல் 30 நிமிடம். குக்கரில்தான் வைக்க வேண்டுமென்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் சூடேறுவது குக்கருக்கு நல்லதில்லை, அதனால் புதுக் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு: குழிப்பணியாரச் சட்டி. குழியில் துளி நெய் தடவி, முக்கால் குழி மாவு ஊற்றி, மூடிபோட்டு மிகக் குறைந்த தீயில் நான்கைந்து நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு மூன்று நிமிடம். ஒரு வாய் அளவில் வரும். பிள்ளைகள் கூட்டமாக இருக்கும் வீட்டில் முழுக் கப்கேக்கை விட இதுதான் சீக்கிரம் காலியாகும். மேலே சிரப் தடவினால் எல்லாப் பக்கமும் ஊறும்.

மாவுல நிறைய ரோஸ் வாட்டர் ஊத்துனேன், சாப்பிட்டா வாசமே இல்ல. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். பூவின் மணம் என்பது எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். அதனால்தான் தூரத்திலிருந்தே நம் மூக்குக்கு வந்து சேர்கிறது. அதே காரணத்தால்தான் ஓவனிலும் நிற்பதில்லை. கேக்கின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது, ஆனாலும் மாவில் உள்ள ஈரம் நீராவியாக வெளியேறும்போது மணத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். கேக் வேகும்போது வீடெல்லாம் ரோஜா மணக்கிறது என்று சந்தோஷப்படுவோம். அந்த மணம் கேக்கில் இருந்திருக்க வேண்டியது.

ஆகவே, மணத்தை அடுப்பு அணைந்தபிறகு ஏற்றுங்கள். சர்க்கரை 50 கிராம், தண்ணீர் 60 மி.லி. சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கி, முழுக்க ஆறவிடுங்கள். ஆறியபிறகு இரண்டு டீஸ்பூன் ரோஸ் வாட்டர் கலக்குங்கள். கேக் வெதுவெதுப்புக்கு வந்ததும் குச்சியால் நாலைந்து இடத்தில் குத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டீஸ்பூன் சிரப்பை மெதுவாக விட்டு, மூடி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே வரை மணம் இறங்கிவிடும். சூடான கேக்கில் விட்டால் பழைய கதைதான்.

மாவில் எதுவுமே போடக்கூடாதா என்றால், கொஞ்சம் போடலாம். கொழுப்பு மணத்தைப் பிடித்துவைக்கும், அதனால் வெண்ணெய் போட்ட கலவையில் ஓரளவு தங்கும். ஆனால் மாவில் போடுவதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு வாங்குன பன்னீர் பாட்டில் மிச்சம் இருக்கு, அதையே ஊத்தலாமா?

பன்னீர்ச் செம்பில் ஊற்றித் தெளிக்க விற்கும் பன்னீர் பெரும்பாலும் சாப்பிடுவதற்கானது அல்ல. முகத்துக்குப் பூசும் ரோஸ் வாட்டரும் அப்படியே. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பொருள் என்றால் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். அது இல்லையென்றால், எத்தனை நல்ல மணமாக இருந்தாலும் தெளிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ் எசென்ஸும் ரோஸ் வாட்டரும் ஒண்ணுதானே?

இல்லை. ரோஸ் வாட்டர் இதழிலிருந்து வடித்த தண்ணீர், டீஸ்பூன் கணக்கில் போடலாம். எசென்ஸ் செறிவானது, பெரும்பாலும் செயற்கை. துளிக் கணக்குதான், சிரப்புக்கு இரண்டு மூன்று துளி. ரோஸ் வாட்டர் அளவுக்கு எசென்ஸ் ஊற்றினால் அடுத்த கேள்விக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

சோப்பு தின்ன மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க ஆச்சி!

அளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். ரோஜா மணத்தை நாம் சோப்பிலும் ஊதுபத்தியிலும் பவுடரிலும் பழகியிருக்கிறோம். கொஞ்சம் கூடினாலும் மனசு அங்கேதான் போகும். பக்கத்தில் வேறொரு ருசி துணைக்கு இருந்தால் அது சாப்பாட்டு மணமாக மாறும்: ஒரு சிட்டிகை உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு, ஒரே ஒரு ஏலக்காயின் பொடி. ஏலக்காய் அதற்கு மேல் வேண்டாம், பாயசமாகிவிடும்.

ஏற்கனவே செய்தாகிவிட்டது என்றால், மேலே எலுமிச்சை கலந்த சர்க்கரைப் பூச்சு பூசுங்கள். பாதி சரியாகும். நிஜ இதழ் போடுபவர்கள் இதழின் அடியில் இருக்கும் வெள்ளை முனையைக் கிள்ளி எறியுங்கள், கசப்பு அங்கேதான்.

மல்லிகைப் பூ கேக் எப்படிப் பண்றது? பூவை அரைச்சுப் போடணுமா?

அரைக்கவே கூடாது. அரைத்த மல்லி கசக்கும், பச்சை வாடை அடிக்கும், மணமும் மாறிவிடும். குண்டுமல்லியிலிருந்து எடுக்க வேண்டியது மணம் மட்டும். சீனாவில் மல்லிகைத் தேநீர் செய்வதும் அப்படித்தான்: தேயிலையோடு பூவைச் சேர்த்து இரவெல்லாம் வைத்து, மணத்தைத் தேயிலை வாங்கிக்கொண்டபின் பூவைப் பிரித்துவிடுவார்கள். நம் வீடுகளில் பானைத் தண்ணீரில் மல்லியைப் போட்டு மணக்க வைப்பதும் இதே வேலைதான்.

செய்முறை இது. சாயங்காலம், நாளைக்கு விரியப்போகும் மொட்டை அல்ல, இன்றைக்கு விரியப்போகும் முற்றிய வெள்ளை மொட்டாகப் பறியுங்கள். கழுவ வேண்டாம், அதனால்தான் வீட்டுப் பூ வேண்டும் என்று சொன்னேன். பூச்சி இருக்கிறதா என்று மட்டும் ஒரு வெள்ளைத் துணியில் உதறிப் பாருங்கள். உலர்ந்த எவர்சில்வர் சம்படத்தில் 150 கிராம் சர்க்கரையைப் போட்டு, மெல்லிய மஸ்லின் துணியில் இரண்டு கைப்பிடி மொட்டை முடிந்து சர்க்கரைக்கு நடுவில் புதைத்து, இறுக்கி மூடுங்கள். இரவில் மொட்டு உள்ளேயே விரியும், மல்லி அதிகம் மணப்பதும் அப்போதுதான். விடிந்ததும் எடுத்துவிடுங்கள். பழுப்பேறும்வரை விட்டால் வாடிய மாலையின் வாடை சர்க்கரையில் ஏறும். அடுத்த சாயங்காலம் புது மொட்டு. இரண்டு மூன்று இரவில் சர்க்கரை நன்றாக மணக்கும். ஈரம் பட்டுக் கட்டியாகும், நிழலில் உலர்த்திப் பொடித்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெயில் மல்லியைப் பதித்து வைக்கும் முறையும் உண்டு, குளிர் நாட்டுக்கு அருமையானது. நம் சித்திரை இரவில் வெண்ணெய் உருகி ஓடும். ஃபிரிட்ஜில் வைத்தால் மொட்டு விரியாது. நமக்குச் சர்க்கரைதான் சரி. இந்தச் சர்க்கரையைக் கேக் மாவில் வீணாக்காதீர்கள், மேல்பூச்சுக்கும் சிரப்புக்கும் வையுங்கள். சிரப் என்றால் கொதிக்க வைக்காமல், ஆறிய வெந்நீரில் கரைத்தால் போதும். பாலில் வேண்டுமானால், இரவு எட்டு மணிக்கு விரிந்த பூவைக் காய்ச்சி ஆறவைத்த பாலில் மிதக்கவிட்டு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

இரவு ராணி, பவழமல்லி கூட நல்லா மணக்குதே, அதைப் போடலாமா?

இரவு ராணி மல்லி இனமே இல்லை. தக்காளி, கத்தரி குடும்பத்துச் செடி, விஷம். வாசலில் நின்று மணக்கட்டும். பவழமல்லி மருந்துக்குப் பயன்படுவது, கேக்குக்கு எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். மகிழம்பூ, செண்பகமும் அப்படித்தான். மணக்கிற எல்லாமே தின்பதற்கு இல்லை.

குல்கந்து வச்சு செய்யலாமா?

தாராளமாக. புதிதாகச் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான். கேக் ஆறியபிறகு நடுவில் சின்னதாகத் தோண்டி, ஒரு டீஸ்பூன் குல்கந்து வைத்து, எடுத்த துண்டாலேயே மூடுங்கள். மாவில் கலந்தால் அடியில் இறங்கி, சர்க்கரை கருகி, பேப்பரோடு ஒட்டும். குல்கந்து இனிப்பு அதிகம், கேக்கில் சர்க்கரையை 150-லிருந்து 120 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே போட நம் பங்குனி வெயிலைவிட நல்ல வெயில் கிடையாது. பன்னீர் ரோஜா இதழை ஈரமில்லாமல் துடைத்து, கண்ணாடி ஜாடியில் ஒரு அடுக்கு இதழ், ஒரு அடுக்கு பொடித்த கற்கண்டு என்று நிரப்பி, எடைக்கு எடை வைத்து, மூன்று வாரம் போல வெயிலில் வையுங்கள். தினம் ஒரு தடவை உலர்ந்த கரண்டியால் கிளறிவிட வேண்டும்.

சங்குப்பூ போட்டேன், நீலமா வரும்னு பார்த்தா பாசி பிடிச்ச பச்சையா வந்துச்சு!

சங்குப்பூவின் நீலம் புளிப்பைப் பார்த்தால் ஊதாவாகும், சோடாவைப் பார்த்தால் பச்சைப் பக்கம் போகும். முட்டை மஞ்சளோடு சேர்ந்தாலும் பச்சையாகத்தான் தெரியும். ஆக இரண்டு அடிப்படைக் கலவையிலும் அது நீலமாக நிற்காது. யார்மேலும் தப்பில்லை, பூவின் குணம் அது.

நீலம் வேண்டுமானால் மேல்பூச்சில் கொண்டுவாருங்கள். பத்துப் பன்னிரண்டு பூவின் பச்சைக் காம்பை எடுத்துவிட்டு, மூன்று டேபிள்ஸ்பூன் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, 150 கிராம் ஐசிங் சர்க்கரையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்தால் நல்ல வான நீலம். அதில் பாதியை வேறு கிண்ணத்தில் எடுத்து இரண்டு துளி எலுமிச்சை பிழிந்தால் கண்முன்னே ஊதாவாக மாறும். இதைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்கள் கையால் பிழிய விடுங்கள்.

செம்பருத்தியும் அப்படித்தானா?

அதே குணம்தான், நிறம் மட்டும் வேறு. ஐந்து இதழ் சிவப்புச் செம்பருத்தியில் நடுத்தண்டையும் பச்சைக் காம்பையும் நீக்கி, எட்டு பூவை 100 மி.லி. வெந்நீரில் ஊறவைத்து எலுமிச்சை பிழிந்தால் அழகான சிவப்பு. அதில் சர்க்கரை சேர்த்து சிரப்பாகவோ பூச்சாகவோ பயன்படுத்தலாம். சோடா போட்ட மாவில் ஊற்றினால் சாம்பல் நிறம்.

ஆவாரம்பூ உடம்புக்கு நல்லதாச்சே, நிறைய போடலாம்ல?

“ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்பார்கள்தான். அதற்காக அள்ளிப் போட வேண்டாம், கேக் கஷாயமாகிவிடும். ஒரு டேபிள்ஸ்பூன் காய்ந்த இதழைச் சூடான பாலில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, அந்தப் பாலை முட்டைக் கலவையில் சேருங்கள். லேசான மஞ்சளும், பின்நாக்கில் மெல்லிய கசப்பும் வரும். இதன் ருசி ஓவனில் நிற்கும், சிரப் தேவையில்லை. திருப்பத்தூர் ரோட்டோரத்தில் பூத்துக் கிடப்பதைப் பறிக்காதீர்கள், வண்டிப் புகையும் தூசியும்தான் அதில் இருக்கும். உள்ளே தள்ளிக் கரட்டுக் காட்டில் பறியுங்கள்.

சித்திரை ஒண்ணுக்கு வேப்பம்பூ கப்கேக்னு சொன்னீங்களே, நிஜமாவா?

நிஜமாகத்தான். வருடப்பிறப்புப் பச்சடியில் வேப்பம்பூ, வெல்லம், மாங்காய் சேர்ந்து இருக்கிறது இல்லையா, அதே ருசிதான். முட்டையில்லாத கலவையில் சர்க்கரைக்குப் பதில் பொடித்த வெல்லம் 160 கிராம் போடுங்கள். மாங்காயைத் துருவிக் கொஞ்சம் வெல்லத்தோடு கெட்டியாக வதக்கி ஆறவைத்து, குல்கந்து வைப்பது போல நடுவில் வையுங்கள். காய்ந்த வேப்பம்பூ ஒரு டேபிள்ஸ்பூனை ஒரு டீஸ்பூன் நெய்யில் கரும்பழுப்பாகும்வரை வறுத்து, கையால் நொறுக்கி, பரிமாறும்போது ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு சிட்டிகை.

வறுக்காமல் போட்டால் வெறும் கசப்பு. நெய்யில் வறுபட்டால் கசப்போடு ஒரு வாசமும் வரும். இத்தனை பூவில் எனக்கு ஒன்றுதான் கொடுப்பேன் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். மற்றதெல்லாம் எந்த ஊரிலும் செய்யலாம், இந்த ருசி நம் சித்திரைக்கே உரியது.

கவுனரிசி (கருப்பரிசி) மாவு சேர்த்தா நல்லா இருக்குமா?

ரோஜாவோடு மிக நன்றாக இருக்கும். மைதா 190 கிராமில் 50 கிராமை மட்டும் எடுத்துவிட்டு, நைசாக அரைத்துச் சலித்த கவுனரிசி மாவைச் சேருங்கள். அதற்கு மேல் போனால் கேக் உதிரும், பல்லில் நறநறக்கும். மாவைத் தயிரில் அரைமணி நேரம் முன்பே ஊறவிட்டு, அதன்பிறகு சோடா சேர்த்தால் மெத்தென்று வரும்.

வீடியோல எல்லாரும் லாவண்டர் போடுறாங்க, நமக்குக் கிடைக்குமா?

சமையலுக்கான காய்ந்த லாவண்டர் இணையத்தில் கிடைக்கும். ஒரு டீஸ்பூனுக்கு மேல் போடாதீர்கள், சூடான பாலில் ஊறவைத்து வடிகட்டிவிடுங்கள். கூடினால் கற்பூர வாடை. வாசனைப் பைக்கு விற்கும் லாவண்டர் வேண்டவே வேண்டாம்.

மேல க்ரீம் வச்சு டிசைன் போட்டேன், பட்டாலைக் கூடத்துக்குக் கொண்டு போறதுக்குள்ள உருகிடுச்சு.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரையில் நம் ஊர் நிழலே அதைவிடச் சூடு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கலாம், க்ரீமுக்கு அது போதாது. பேக்கரியில் விற்கும் செயற்கை க்ரீம் உருகாமல் நிற்கும், ஆனால் நாக்கில் மெழுகு போல் படிந்து பூ மணத்தையே தெரியாமல் செய்துவிடும்.

வெயில் காலத்துக்குச் சர்க்கரைப் பூச்சுதான். ஐசிங் சர்க்கரை 150 கிராம், பால் ஒன்றரை டேபிள்ஸ்பூன், ரோஸ் வாட்டர் ஒரு டீஸ்பூன். கெட்டியாகக் குழைத்து, ஆறிய கேக்கைத் தலைகீழாகத் தொட்டு எடுங்கள். அரைமணியில் காய்ந்து மெல்லிய ஓடு மாதிரி நிற்கும், மணமும் அதற்குள் அடங்கியிருக்கும்.

அலங்காரத்துக்கு மட்டும் மேல ஒரு பூ வச்சா தப்பா? அதை யாரும் சாப்பிட மாட்டாங்களே.

யாராவது ஒரு பிள்ளை சாப்பிடும். கேக்கைத் தொடும் எதுவும் சாப்பிடத் தகுந்ததாக இருக்க வேண்டும். ரோஜா இதழைக் கெட்டிச் சர்க்கரைப் பாகில் தொட்டு, பொடித்த சர்க்கரையில் புரட்டி, காற்றாடிக்குக் கீழே ஒரு நாள் உலர்த்தினால் மொறுமொறு இதழ் கிடைக்கும். அதை வையுங்கள்.

நடுவுல அமுங்கிப் போகுது, ஏன்?

பெரும்பாலும் பாதி வேக்காட்டில் ஓவன் கதவைத் திறந்து பார்த்திருப்பீர்கள். முதல் 15 நிமிடம் திறக்காதீர்கள். இல்லையென்றால் சோடா கூடியிருக்கும், அல்லது கலவையைச் செய்துவிட்டு நேரம் கழித்து வைத்திருப்பீர்கள். சிரப்பை அதிகம் ஊற்றினாலும் அமுங்கும். ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன்தான் கணக்கு.

கர்ப்பமா இருக்கிற பொண்ணு, கைக்குழந்தை எல்லாம் வீட்டுல இருக்காங்க. கொடுக்கலாமா?

கர்ப்பிணிகளுக்குச் செம்பருத்தியும் ஆவாரையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ரோஜா சிரப் போட்டதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, சிரப்பில் சர்க்கரைக்குப் பதில் தேன் கலப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூ, மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள். தட்டின் பக்கத்தில் எந்தப் பூ என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டால் யாரும் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அறுபது பேருக்கு ஒரே நாள்ல முடியுமா?

முடியும். 12 குழி தட்டு என்றால் ஐந்து தடவை, எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் நாள் இரவே மாவையும் சர்க்கரையையும் ஐந்து பங்காக எடை போட்டுத் தனித்தனி டப்பாவில் வைத்துவிடுங்கள். ஈரக் கலவையை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சேருங்கள். சோடா நுரை காத்திருக்காது. விடிகாலை நாலு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் சுட்டு முடித்து ஆறவைத்துவிடலாம். சிரப்பும் பூச்சும் மத்தியானத்துக்கு மேல், பரிமாறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால்.

எத்தனை நாள் தாங்கும்? குன்றக்குடிக்கு எடுத்துட்டுப் போகணும்.

தயிர் போட்டது இந்த வெயிலில் வெளியே ஒரு நாள், ஃபிரிட்ஜில் மூன்று நாள். நடுவில் மாங்காய் வைத்தது அன்றைக்கே தீர வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தால் மூடியைத் திறக்காமல் அரைமணி வெளியில் வையுங்கள், இல்லையென்றால் பூச்சு வியர்த்து வழியும். குளிர்ந்த கேக்கில் மணமும் தெரியாது.

எடுத்துப்போக, வாழை இலை விரித்த ஓலைக்கொட்டான் (பனையோலைக் கூடை) எனக்குப் பிடிக்கும். புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் கைவேலை. பரிமாறும்போதும் அப்படியே வைக்கலாம். பூச்சு காயும்வரை மட்டும் பொறுத்திருந்து அடுக்குங்கள். காரில் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள், சீட்டின் மேல் வெயில் அடிக்கும்.

நல்லா வந்துச்சு, அக்கம்பக்கத்துல விக்கச் சொல்றாங்க. விக்கலாமா?

விற்கலாம், ஆனால் வீட்டிலிருந்து விற்றாலும் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தெரியாதவர்களுக்கு விற்கும்போது வீட்டுச் செடிப் பூவை நிறுத்திவிட்டு, உரிமம் உள்ள ரோஸ் வாட்டரும் காய்ந்த இதழும் பயன்படுத்துங்கள். எங்கே வாங்கியது என்று கேட்டால் காட்ட ரசீது இருக்க வேண்டும்.

ரோஜா, மல்லி, ஆவாரை எல்லாத்தையும் ஒரே கேக்குல போட்டா எப்படி இருக்கும்?

எதுவும் தெரியாது. ரோஜா மல்லியை அமுக்கும், ஆவாரைக் கசப்பு இரண்டையும் அமுக்கும். ஒரு கேக்குக்கு ஒரு மணம் போதும். அதோடு நிறத்துக்கு ஒரு பூ சேர்க்கலாம், சங்குப்பூ நீலத்தில் மல்லிச் சர்க்கரை என்பது போல. மூன்றும் வேண்டுமென்றால் மூன்று தட்டு வையுங்கள். மல்லியை முதலில் கொடுங்கள், வேப்பம்பூவைக் கடைசியில்.